குளிரில் நாக்கு பாயும், வயிறு நிற்கும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாலு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

அவருடைய தம்பி மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஐந்து வாரத்துக்கு முன் புத்தளத்திலிருந்து திரும்பும்போது, நடுரோட்டில் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்த ஒரு பச்சோந்தியை, ஏதாவது வாகனம் ஏறிவிடுமே என்று தூக்கிவந்து அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறார். பையனுக்குப் பதின்மூன்று வயது. பழைய மீன் தொட்டியில் ஆற்று மணல் பரப்பி, கொய்யாக் கிளை ஒன்றைச் சொருகி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முன் காம்பராவில் ஜன்னலோரமாக வைத்திருக்கிறார்கள். தேயிலை மலையில் பிடித்த வெட்டுக்கிளி, அடுப்படிக் கரப்பான், ஹட்டன் டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வாங்கிய மஞ்சள் புழு, இவைதான் சாப்பாடு. முதல் மூன்று வாரம் ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று பிடித்துத் தின்றிருக்கிறது. இப்போது பன்னிரண்டு நாளாக எச்சம் இல்லை. ஒரு வாரமாகச் சாப்பாடும் இல்லை. வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறது. உடம்பு கறுத்துப்போய், பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு மணலில் கிடக்கிறது. இடைக்கிடை வாயைத் திறக்கிறது. அம்மாயி இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பூச்சி மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். மகன் வீடியோவில் பார்த்துவிட்டு, கீரையும் பப்பாசியும் கொடுத்தால் வயிறு இளகும் என்கிறான். "என்ன மருந்து கொடுக்கலாம்? இல்லாவிட்டால் மேலே உள்ள காட்டில் விட்டுவிடவா? இதை வைத்திருப்பது குற்றம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உண்மையா?"

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்த நான் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "ஆரம்பத்தில் நன்றாகத்தானே சாப்பிட்டது, டொக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நன்றாகச் சாப்பிட்டதுதான் இப்போது வயிற்றில் கிடக்கிறது.

நாம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொண்டாலும் வயிறு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியில் என்ன குளிர் என்றாலும் நம் உடம்புக்குள் 37 பாகை இருக்கிறது. பச்சோந்தி அப்படியல்ல, தன் உடம்புக்குத் தேவையான சூட்டை அது வெயிலிடம்தான் வாங்க வேண்டும். உடம்பு 30 பாகை அளவுக்கு ஏறினால்தான் செரிமான நீர் சரியாகச் சுரக்கும், குடல் அசையும். உங்கள் பக்கத்தில் தை மாதத்தில் பகலே 20 பாகையைத் தாண்ட யோசிக்கும். இரவு எப்படியென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வயிறு குளிரில் நின்றுபோனாலும் நாக்கு நிற்காது. பச்சோந்தி தன் நாக்கைத் தசையால் நேரே எறிவதில்லை. உண்டிவில்லின் ரப்பரை இழுத்துப் பிடிப்பது போல, நாக்குக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள இழைகளை முதலில் இழுத்து வைத்துக்கொண்டு, பிறகு விடுகிறது. ரப்பருக்குக் குளிர் பெரிய பொருட்டில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் பச்சோந்திகளை 35, 25, 15 பாகைகளில் வைத்து அளந்து பார்த்தார்கள். பத்துப் பாகை குறைந்தபோது நாக்கு பாயும் திறன் 10 முதல் 19 சதவீதம்தான் குறைந்தது. தசையை நம்பியிருக்கும் வேலை, அதாவது நாக்கை உள்ளே இழுப்பது, 42 சதவீதத்துக்கும் மேல் தளர்ந்தது. உங்கள் மகன் பார்த்தது அந்த ரப்பர் வேலையை. வெட்டுக்கிளியைக் காட்டினான், நாக்கு பாய்ந்தது, பசிக்கிறது என்று நினைத்து இன்னொன்றைக் காட்டினான். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். உள்ளே நடந்ததோ, நெருப்பில்லாத அடுப்பில் உலைக்கு மேல் உலை வைத்த கதை. செரிக்காத பூச்சிகள் வயிற்றிலேயே தங்கி அழுகத் தொடங்கும், வாயு சேரும், பக்கம் உப்பும்.

கறுத்துப்போனது கோபத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்திலும் கறுக்கும். ஆனால் ஒரு வாரமாகக் கறுப்பாகவே கிடக்கிறது என்றால், கிடைக்கிற கொஞ்சச் சூட்டையாவது உடம்பில் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நோயிலும் இப்படிக் கறுக்கும். நிறம் மாறுகிறவன் என்று ஆட்களைத் திட்ட இதன் பெயரைச் சொல்கிறோம். பாவம், இது நிறம் மாறுவதில் பாதி குளிருக்காக.

குளிர்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து அதோடு முடிக்க முடியாது. தொட்டியில் மணல் இருக்கிறது; நாக்கு நுனியின் பசை பூச்சியோடு மணலையும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். காட்டில் பிடித்த பச்சோந்தியின் குடலில் பெரும்பாலும் புழுக்கள் இருக்கும். உடம்பு தளரும்போது அவை தலையெடுக்கும். இன்னொன்றை நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள்: இது பெண்ணாக இருந்து, வயிற்றில் முட்டைகள் இருக்கலாம். பெண் பச்சோந்தி முட்டையிட மரத்தை விட்டு இறங்கி நிலத்துக்கு வரும். நடுரோட்டில் நடந்துபோனது எதற்காக என்று யாருக்குத் தெரியும்? தொட்டியில் இருப்பது இரண்டு விரற்கடை மணல். அதில் குழி தோண்ட வழியில்லாமல் முட்டைகளை அடக்கிவைத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. வால் தொடங்கும் இடத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நன்றாகத் தடித்திருந்தால் ஆணாக இருக்கும். மெலிந்திருந்து, மணலைக் காலால் பறிக்கப் பார்க்கிறது என்றால், முட்டை என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே புறப்படுங்கள்.

முதலில் சூடு, பிறகு தண்ணீர்

வைத்தியரிடம் போகும்வரை என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

சாப்பாட்டை இன்றே நிறுத்துங்கள். எச்சம் போடும்வரை ஒரு பூச்சிகூட வேண்டாம். நன்றாக வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினியால் சாகாது.

மணலை முழுவதும் அள்ளிவிட்டுப் பழைய பேப்பர் விரியுங்கள். மீன் தொட்டியை விடக் கம்பி வலை அடித்த பெட்டி நல்லது. கோழிக்குஞ்சு அடைக்கும் வலைக்கூடு இருந்தாலும் போதும். உச்சிக் கிளைக்கு மேலே, வலைக்கு வெளியே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடிய தூரத்தில், பழைய மாதிரி 40 வோட் இழை பல்ப் ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்ஈடி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. கிளை இருக்கும் இடத்தில் உங்கள் புறங்கையை ஒரு நிமிடம் பிடியுங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. பெட்டியின் மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டுமென்றால் அங்கே நகர்ந்துகொள்ளும். பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். இரவில் பல்ப்பை அணைத்துவிட்டு, பெட்டியைக் கம்பளியால் மூன்று பக்கம் போர்த்தி, சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வெளியே ஒட்டி வையுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சூடு கிடைக்கும், ஆனால் புகையும் கிடைக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற ஒரு பிராணிக்குப் புகை வேண்டாம்.

வெயில் விழும் நாளில், பத்து மணிக்குப் பிறகு, ஒரு பூச்சட்டிச் செடியில் ஏற்றி அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பாதி வெயில், பாதி நிழல். காகமும் பூனையும் வராமல் மகன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜன்னலோர வெயில் போதும் என்பது எல்லோரும் நினைப்பதுதான். சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஏற்ற உதவும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். அதற்காகத் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தொட்டி கொஞ்ச நேரத்தில் கொதிக்கும்.

அப்புறம் தண்ணீர். கிண்ணத்தில் இருக்கும் தண்ணீர் பச்சோந்திக்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் அதற்குப் பழக்கம். ஐந்து வாரமாக ஒழுங்காகத் தண்ணீர் குடித்திருக்குமா என்பதே சந்தேகம், மலச்சிக்கலுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். செவ்வரத்தைச் செடி ஒன்றைச் சட்டியோடு பெட்டிக்குள் வைத்து, யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி மேலே தொங்கவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இலையில் விழும். உடம்பு சூடேறிய பிறகு, பகலில் இரண்டு மூன்று தடவை, புதிய தெளிப்பானால் இலைகளில் மெல்லிய சாரல் அடியுங்கள். மருந்தடித்த தெளிப்பானை எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம். ஆமையை உட்கார வைப்பது போல தண்ணீர்ப் பேசினில் இறக்கவும் வேண்டாம். இது மரத்துப் பிராணி. பயத்தில் இருக்கிற தெம்பும் போய்விடும்.

விளக்கெண்ணெயும் பூச்சி மாத்திரையும்

அம்மாயியைக் கோபிக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்திருக்கிறார். ஆனால் பச்சோந்திக்கு மூச்சுக்குழாயின் வாசல் வாய்க்குள் முன்பக்கமாகவே இருக்கிறது. எதை ஊற்றினாலும் வயிற்றுக்குப் போவதற்கு முன் நெஞ்சுக்குள் இறங்கிவிடக்கூடும். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் சளிக் காய்ச்சல் மாதிரி ஒன்று தொடங்கும். நல்ல சூட்டில் இருக்கும் பச்சோந்தி வாயைத் திறந்தால் சூட்டைத் தணிக்கிறது என்று விட்டுவிடலாம். உங்களுடையது குளிரில் இருந்துகொண்டு வாயைத் திறக்கிறது. உப்பிய வயிற்றைவிட இதுதான் எனக்குக் கவலை. வாய் திறந்தது எண்ணெய்க்கு முன்பா, பின்பா என்று நினைவுபடுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பூச்சி மாத்திரை வேண்டவே வேண்டாம். புழு இருக்கிறதா, என்ன புழு என்று எச்சத்தைப் பரிசோதித்த பிறகு, உடம்பின் எடையைக் கிராம் கணக்கில் பார்த்து, அதற்கேற்ப அளந்து கொடுக்கும் மருந்து அது. மனிதருக்கான மாத்திரையில் ஒரு துண்டை உடைத்துப் போட்டால் அளவு எங்கேயோ போய்விடும். வயிற்றைத் தடவிப் பிதுக்குவதும், பின்பக்கம் சோப்புத் துண்டு வைப்பதும் அப்படித்தான். இரண்டையும் செய்யச் சொல்லி யாராவது வருவார்கள், பாருங்கள்.

பப்பாசி விஷயத்தில் மகனுக்குப் பாதி மதிப்பெண். யேமன், சவூதி அரேபியப் பக்கத்தில், தலையில் கொண்டை வைத்த ஒரு பச்சோந்தி இனம் இருக்கிறது. வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக அதிகம் வளர்ப்பது அதைத்தான், வீடியோக்களில் வருவதும் பெரும்பாலும் அதுதான். அது இலையும் கடிக்கும். நம் நாட்டுப் பச்சோந்தி பூச்சி தின்னி. கீரையைப் பச்சோந்திக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, பச்சோந்தி தின்னப்போகும் பூச்சிக்குக் கொடுத்தால் முழு மதிப்பெண் போடுவேன்.

இனி இரை கொடுக்க நேர்ந்தால்

எச்சம் வந்து, வைத்தியரும் சரி என்ற பிறகு, வனசீவராசிகள் திணைக்களத்திடம் கையளிக்கும்வரை இரண்டொரு நாள் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கலாம். வளர்ந்த பச்சோந்திக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும். ஒரு பூச்சி அதன் தலை அகலத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. கொடுக்கும் நேரம் காலை. வயிறு நிறைந்த பிறகு சூடு காய ஒரு முழுப் பகல் வேண்டும். மாலையில் பள்ளி விட்டு வந்து மகன் ஊட்டியதெல்லாம் இரவுக் குளிரோடு உள்ளே கிடந்திருக்கும்.

தேயிலை மலையில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். எந்த மலைக்கு என்றைக்கு மருந்தடித்தார்கள் என்பது கொழுந்தெடுக்கிறவர்களுக்குத் தெரியும், வெட்டுக்கிளிக்குத் தெரியாது. கராட், லீக்ஸ் தோட்டத்துப் பூச்சிக்கும் அதே கதை. அடுப்படிக் கரப்பான் எந்த வீட்டில் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. மஞ்சள் புழுவின் தோல் தடிப்பு, கொழுப்பும் கூட. எப்போதாவது ஒன்று என்றால் சரி, தினச் சாப்பாடாக்கினால் குளிர்ந்த வயிற்றுக்கு அது பெரிய சுமை. சில்வண்டு கிடைத்தால் நல்லது. பிடித்த பூச்சிகளை ஒரு போத்தலில் விட்டு, ஒரு முழு நாள் மருந்தடிக்காத வல்லாரை, முருங்கையிலை, கராட் துண்டு போட்டு வையுங்கள். பட்டினிப் பூச்சி வெறும் தோல். தின்ற பூச்சிக்குள்தான் சத்து.

இன்னொரு குறையும் இருக்கிறது. பூச்சிகளில் பொஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இப்படியே மாதக்கணக்கில் தின்றால் எலும்பு வளையும், தாடை இளகும், நாக்கைப் பாய்ச்சவும் முடியாமல் போகும். தசை சுருங்குவதற்கே சுண்ணாம்புச் சத்து வேண்டும். குடலும் ஒரு தசைதான், அதுவும் சோம்பும். வளர்க்கிறவர்கள் பூச்சியைக் கல்சியம் தூளில் புரட்டிக் கொடுப்பது இதற்காக. உங்களுக்கு இரண்டொரு நாள் விஷயம் என்பதால் தூள் வாங்க அலைய வேண்டியதில்லை.

வைத்திருப்பதா, விடுவதா

பயமுறுத்தியவர் சொன்னது உண்மைதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், 2009இல் அதற்கு வந்த திருத்தமும் நம் நாட்டுக் காட்டு ஊர்வனவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பாதுகாக்கின்றன. பச்சோந்தியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். காப்பாற்றத்தான் தூக்கினார் உங்கள் தம்பி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பாற்றியது முதல் நாளோடு முடிந்தது, அதற்குப் பிறகு நடந்தது வளர்ப்பு. நான் சட்டத்தரணி இல்லை, அதனால் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், யாராவது புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல், வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு இன்றே நானே கோல் எடுத்து, பச்சோந்தியை எங்கே, எப்போது தூக்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்.

மேலே உள்ள காட்டில் விடுவது இரக்கம் மாதிரித் தெரியும், ஆனால் அது கொலை. இலங்கையில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே ஓர் இனம். அது வறள் வலயத்துப் பிராணி; புத்தளம், மன்னார் வெயில்தான் அதன் ஊர். உங்கள் மலையில் முதல் வாரமே விறைத்துப்போகும். கீழ்நாட்டுப் புழுவையும் கிருமியையும் மலைக்காட்டில் இறக்கிவிட்டதாகவும் ஆகும். கென்யா மலைகளில் மூன்று கொம்புள்ள ஒரு பச்சோந்தி குளிரைத் தாங்குகிறது என்பது உண்மை. அது வேறு இனம், குட்டி போடும் இனம்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். நுவரெலியாப் பக்கத்து மலைகளில், மெதுவாக நடந்து, வாலைக் கிளையில் சுருட்டிப் பிடிக்கும் ஒரு சின்ன ஓணான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதையும் பச்சோந்தி என்பார்கள். முட்டையைக் குளிர் மண்ணில் விடாமல் வயிற்றிலேயே வைத்திருந்து அதுவும் குட்டிதான் போடும். உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் அது உண்டு. மூக்கில் கொம்புள்ள ஓணானும் அதே மலைகளில் இருக்கிறது. இவற்றின் வெளிநாட்டு வியாபாரத்துக்கு 2019இல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது, அந்த அளவுக்கு இவற்றைக் கடத்துகிறார்கள். பச்சோந்தி போன இடத்துக்கு அதில் ஒன்றைப் பிடித்துவந்து தொட்டியில் வைக்கக்கூடாது. மரத்திலேயே வைத்துப் பார்த்து நோட்டில் எழுதட்டும். பூச்சியைக் கண்டால் என்ன செய்கிறது, எத்தனை மணிக்கு வெயிலுக்கு வருகிறது என்று. கண் கூர்மையான பிள்ளை. எச்சம் வராத நாளை எண்ணி வைத்திருந்தது அவன்தானே.

திணைக்களத்தோடு பேசும்போதே சிகிச்சைக்கு எங்கே கொண்டுபோவது என்றும் கேளுங்கள். உங்களுக்குக் கைக்கெட்டிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலை. உள்ளூர் அரச கால்நடை வைத்தியர் மாட்டையும் ஆட்டையும் அதிகம் பார்க்கிறவர்தான், ஆனாலும் பேராதனைக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவைக்க அவரால் முடியும். எக்ஸ்ரே எடுத்தால் மணலா, முட்டையா என்று தெரிந்துவிடும். தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, பின்பக்கத்தால் அடைப்பை இளக்குவது எல்லாம் அங்கே செய்கிற வேலை. சூடும் தண்ணீரும் கொடுத்து இரண்டு நாளில் எச்சம் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். பின்பக்கத்தில் சிவப்பாகச் சதை வெளியே தள்ளினாலோ, வாயில் நுரை கண்டாலோ, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்தாலோ, அந்த இரண்டு நாளும் கிடையாது. உடனே புறப்படுங்கள். தள்ளிய சதையை உள்ளே அமுக்காமல் ஈரத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள்.

கொண்டுபோகும்போது கிளையிலிருந்து பிடுங்கி எடுக்காதீர்கள். கிளையோடு வெட்டி, காற்றுத் துளை போட்ட காட்போட் பெட்டியில் இறக்கி, துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தலை ஓரத்தில் வையுங்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேண்டாம். போகும் முன்பே எச்சம் வந்துவிட்டால் சந்தோஷத்தில் பேப்பரோடு சுருட்டி வீசிவிடாதீர்கள். சுத்தமான சிறு போத்தலில் போட்டு மூடி அன்றைக்கே கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி செம்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். யோகட் கோப்பையை மறுபடி நிரப்புங்கள்.